கதவக்காவின் எட்டுக்கு ஏழு

எங்கள் ஆபீஸில் அவளுக்குக் கதவக்கா என்று பெயர் வைத்தவள் நான்தான். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் "எல்லாக் கதவையும் தெறந்து வைங்க" என்பாள். படுக்கையறை, சமையலறை, குளியலறை, பால்கனி, பழைய சாமான் அடைத்து வைத்திருக்கும் பொந்து, ஒன்றும் பாக்கி இருக்கக் கூடாது. சில வீட்டுக்காரர்கள் நெளிவார்கள். "அந்த ரூம் ரொம்பக் கலைஞ்சு கெடக்குங்க" என்பார்கள். "கலைஞ்சிருந்தா பரவால்லைங்க, மூடியிருந்தாத்தான் வம்பு" என்று சொல்லிவிட்டு அவளே போய்த் திறப்பாள்.

எங்களுடையது வீட்டு உள் அலங்காரம் செய்து தரும் கம்பெனி. டேப்பின் ஒரு முனையை ஒருவர் பிடிக்க, மறுமுனையை இன்னொருவர் இழுக்க, "எவ்வளவு? எவ்வளவு?" என்று கத்துகிற காலமெல்லாம் மலையேறிவிட்டது. அளவெடுக்கப் போகிற கதவக்கா மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றின் மேல் லேசர் ஸ்கேனரை வைத்துப் பொத்தானை அழுத்தினால், அது தலையைச் சுற்றிச் சுற்றி அறை முழுக்க லேசரைப் பாய்ச்சும். லேசர் பட்ட இடமெல்லாம் ஒவ்வொரு புள்ளியாகப் பதியும். அந்த லட்சக்கணக்கான புள்ளிகள் என் கம்ப்யூட்டருக்கு வரும். நான் உட்கார்ந்து இது சுவர், இது ஜன்னல், இது கதவு என்று வரைவேன். அப்புறம் டிசைன் மென்பொருளில் அலமாரி, கட்டில், வண்ணம் எல்லாம் போட்டு, வீட்டுக்காரர் உள்ளே நடந்து பார்ப்பது போலப் பெரிய திரையில் காட்டுவோம்.

அந்த மெஷினுக்கு இருக்கிற சாமர்த்தியத்தை நம்பி மோசம் போகக் கூடாது. லேசர் தொட்டதுதான் அதற்கு உலகம். ஆளுயரக் கண்ணாடி இருந்தால், கண்ணாடிக்குள் இன்னொரு அறை இருப்பதாகச் சத்தியம் செய்யும். மூடிய கதவைக் காட்டினால் சுவர் என்று நினைத்துக்கொள்ளும். மனுஷர் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அதையும் பதிந்துவிடும். ஒரு வீட்டில் மாமனார் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்திருந்தார். நான் அவரைத் தூண் என்று வரைந்தேன். எங்கள் டிசைனர் அந்தத் தூணைச் சுற்றி மரப்பலகை ஒட்டி மேலே ஒரு விளக்கும் வைத்துவிட்டான். படத்தைப் பார்த்த மருமகள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், மாமனார் மட்டும் இன்றுவரை எங்களை மன்னிக்கவில்லை.

தூணைப் பிறகு அழித்துவிடலாம். எங்கள் மேனேஜரிடம் மன்னிப்பே கிடையாத தப்பு ஒன்றுதான். ஒரு அறையை அளக்காமல் விட்டுவிடுவது. முன்பு ஒருத்தன் அப்படி விட்டான், மறுநாள் அவன் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். கதவக்கா பதினோரு வருஷத்தில் ஒரு பொந்தைக்கூட விட்டதில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள்.

அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. அவள் அம்மா ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்தார், கூடவே இருந்து பார்த்தவள் இவள்தான். அம்மா போன பிறகு அண்ணன் வந்து, "நீ தனியா எங்க போவே, எங்களோட வந்துடு" என்று அழைத்துப் போனார். நல்ல மனுஷர்தான், குறை சொல்ல முடியாது. அண்ணியும் முகம் சுளிக்கிறவள் இல்லை. அவர்களுக்கு ஒரு பெண், ஒரு பையன். வீட்டில் இரண்டே படுக்கையறை. அக்காவுக்காக ஹாலின் ஓரத்தில், பிள்ளைகள் அறையை ஒட்டி, எட்டடிக்கு ஏழடி இடத்தைப் பலகையால் அடைத்து ஓர் அறை ஆக்கிக் கொடுத்தார்கள்.

அறை என்றால் அறை. ஒரு கட்டில் போட்டால் மிச்ச இடத்தில் ஒரு ஆள் பக்கவாட்டாக நடக்கலாம். உயரத்தில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு ஜன்னல். கதவும் அதே பலகைதான், நிலைகூட இல்லை, சுவரோடு சுவராக அதே வண்ணம் பூசியிருக்கும். விருந்தாளி வந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று அண்ணி அதை எப்போதும் சாத்தி வைக்கச் சொல்லியிருந்தாள். இரண்டு பக்கமும் பலகை என்பதால் இருமினால்கூடப் பிள்ளைகள் "அத்தை, படிக்கிறோம்" என்பார்கள். எனக்கு இதையெல்லாம் அக்கா சிரித்துக்கொண்டே சொல்லுவாள். "அங்க உக்காந்து அழக்கூட முடியாதுடி, அக்கம்பக்கம் கேட்டுடும்" என்றாள் ஒரு தடவை. நான் சிரிக்கவில்லை. "வேற வீடு பாருங்கக்கா, நான் கூட வந்து தேடறேன்" என்றேன். "போறதுக்கு இடம் இல்லாம இல்லடி. போறேன்னு சொல்றதுக்கு வாய் வரணுமே. என்ன கொறைன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்லுவேன்?" என்றாள். இருந்தாலும் அந்த எட்டுக்கு ஏழுதான் அவளுக்கு எல்லாம். சாயங்காலம் வேலை முடிந்து போனால் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் யாருக்கும் அத்தையாகவும் இல்லாமல் நாத்தனாராகவும் இல்லாமல் கிடப்பாளாம். அதற்காகவே பகலெல்லாம் ஓட முடிகிறது என்பாள்.

அப்படியிருக்கும்போது அண்ணன் வீட்டைப் புதுப்பிக்கலாம் என்று ஆரம்பித்தார். தங்கை வேலை செய்கிற கம்பெனி இருக்க வெளியாளிடம் ஏன் போக வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா ஆபீஸிலிருந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டையே ஸ்கேன் செய்து வந்தாள். திங்கட்கிழமை புள்ளிகள் என்னிடம் வந்தன. நான் வரைந்தேன். ஹாலின் நீளச் சுவருக்கும் பிள்ளைகள் அறைக்கும் நடுவே கணக்கில் சேராத இடம் ஒன்று இருந்தது. அடுக்குமாடி வீடுகளில் தண்ணீர்க் குழாய் போகிற பொந்து அப்படி வருவது சகஜம். குழாய்ப் பொந்து என்று நினைத்து மேலே போய்விட்டேன், அக்கா சொல்கிற எட்டுக்கு ஏழு எனக்கு நினைவுக்கே வரவில்லை. நான் அந்த வீட்டுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இதற்காக என்னை நானே எத்தனை தடவை திட்டிக்கொண்டேன் என்று கணக்கில்லை.

வெள்ளிக்கிழமை குடும்பமே ஆபீஸுக்கு வந்தது. பெரிய திரையில் வீட்டைக் காட்டினேன். பையன் தன் கம்ப்யூட்டர் மேசை எங்கே என்று கேட்டான். பெண் தங்கள் அறையில் கண்ணாடி இன்னும் பெரிதாக வேண்டும் என்றாள். அண்ணன் சுவிட்சு போர்டுகளை விரல் விட்டு எண்ணினார். ஹாலின் நீளச் சுவர் முழுக்க ஆறு கதவு வைத்த பெரிய அலமாரி. அதைப் பார்த்ததும் அண்ணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "செருப்பு ஸ்டாண்டு எங்க? அதைக் காணோமே" என்றாள். வாசலுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்துக் கொடுத்தேன். அக்கா எல்லோருக்கும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அண்ணன் கையெழுத்துப் போட்டார். போகும்போது அண்ணி அக்காவின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள். ஊழியர் தள்ளுபடி கிடைத்ததற்கு நன்றி சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அவர்கள் போன பிறகு டீ குடிக்கிற இடத்துக்கு அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"படத்துல என் ரூம் இல்லடி" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் சொல்லச் சொல்லக் கையிலிருந்த டீ ஆறிப்போனது. நான் குழாய்ப் பொந்து என்று நினைத்தது அவளுடைய அறை. அந்த அலமாரி நிற்கப் போவது அவளுடைய கதவை அடைத்துக்கொண்டு.

"ஐயோ அக்கா! அங்கயே சொல்ல வேண்டியதுதானே? வாயில பூட்டா போட்டிருக்கு?"

"அவங்க நாலு பேர் பாத்தாங்க. செருப்புக்கு எடம் இல்லைன்னு தெரிஞ்சுது."

"வேணும்னேதான் கதவைச் சாத்தி வெச்சீங்களா? அவங்க கவனிக்கிறாங்களான்னு பாக்கறதுக்கா?"

அவள் கோப்பையை ரொம்ப நேரம் கழுவினாள். அப்புறம் சொன்னாள். "வியாழக்கிழமைதானே பலகை வெட்டப் போகுது? அதுவரைக்கும் பொறுத்துக்கோ. நாலு பேர்ல ஒருத்தர் கேக்கட்டும். 'உன் ரூம் எங்க'ன்னு ஒரே ஒரு வார்த்தை. கேட்டா அன்னைக்கே மாத்திடலாம், தப்பையும் நானே ஏத்துக்கறேன்."

எனக்கு வந்ததே கோபம்! மனுஷிக்கு விளையாட இடம் பொருள் இல்லையா? நானே அண்ணனுக்குப் போன் போட்டுவிடுவேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரிஞ்சாகணும்டி. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்" என்றாள். பதினோரு வருஷத்தில் அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

அடுத்த சில நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில் அவள் உள்ளே வரும்போதே முகத்தைப் பார்ப்பேன். "கேட்டாங்களா?" "இல்ல." மறுநாளும் இல்லை. வீட்டில் எல்லோரும் இவளிடம் என்றைக்கும் இல்லாத அன்பாக இருந்தார்களாம். அண்ணி முதல் தட்டை இவளுக்கு வைத்தாள். அண்ணன் புதுக் கைப்பை ஒன்று வாங்கி வந்தார். பையன் கேட்காமலே தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தான். "இவ்வளவு பிரியமா இருக்கிறப்ப எப்படிடி வாயைத் தெறக்கறது? கையையும் காலையும் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு" என்றாள். கைப்பை வாங்கத் தெரிந்தவருக்கு அந்தக் கைப்பையை எங்கே மாட்டுவாள் என்று கேட்கத் தெரியவில்லையே!

வியாழக்கிழமை மூன்று மணிக்கு வெட்டும் அளவுகளைத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டால் பலகை அறுபட்டுவிடும், அதற்குப் பிறகு மாற்றம் என்றால் மேனேஜர் காதுக்குப் போகும், அக்காவின் வேலைக்கும் உலை. இரண்டரைக்கு நான் அவள் மேசைக்குப் போய் நின்றேன். "அக்கா, போதும். அவங்க கேக்கலைன்னா நீங்க சொல்லுங்க. நாக்கு என்ன ஒட்டிக்கிச்சா? போனை எடுங்க."

எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா?" என்றார் அண்ணன். குரலில் அத்தனை வாத்சல்யம்.

அக்கா உதட்டை நனைத்துக்கொண்டாள். நான் சைகை காட்டினேன், சொல்லுங்க, சொல்லுங்க என்று.

"ஒண்ணுமில்லண்ணா. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா. நீ?"

"ஆச்சுண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டாள். என்னை நிமிர்ந்து பார்க்காமல், "அனுப்பிடுடி" என்றாள். அவளைத் திட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். மூன்று மணிக்கு நானேதான் பொத்தானை அழுத்தினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் அலமாரி மாட்டப் போனார்கள். மேற்பார்வைக்கு என்று ஆபீஸ் ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு நானும் போனேன். உண்மையில் அக்காவைத் தனியாக விட மனசு வரவில்லை. வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். தச்சர் நீளச் சுவரில் மட்டம் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்று தட்டினார். விளிம்பில் விரலை விட்டு இழுத்தார். பலகை திறந்துகொண்டது.

"மேடம், இங்க கதவு இருக்கு. படத்துல இல்லையே" என்றார் என்னிடம். உள்ளே எட்டிப் பார்த்தார். "கட்டில் இருக்கு. துணியெல்லாம் மடிச்சு வெச்சிருக்கு. யாரோ இருக்காங்க போல."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் ஒரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்தது. இப்போதாவது பேசித்தானே ஆக வேண்டும்? இப்போதாவது தலையில் அடித்துக்கொண்டு, ஐயோ தங்கச்சி ரூமை மறந்துட்டோமே என்பார்கள் என்று காத்திருந்தேன்.

அண்ணன் நிதானமாக வந்தார். "அது தங்கச்சி ரூம்தாங்க. படத்துல இல்லாதது எங்களுக்குத் தெரியும். நீங்க மாட்டுங்க. அந்தப் பக்கம் நடுவுல இருக்கிற பலகையை எடுத்துட்டா, பிள்ளைங்க ரூம் பெரிசாயிடும். அதையும் சேத்துச் செஞ்சு குடுத்துடுங்க."

"தெரியுமா?" என்றேன் நான். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"படத்தைக் காட்டினீங்களே, அன்னைக்கே தெரியும்" என்றார். "எனக்கு ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டுது. அப்புறம் புரிஞ்சுது. அளவெடுத்தது யாரு? இவ. ஊர்ல ஒரு பொந்தை விடாதவ, தன் ரூமைத் தானே விட்டிருக்கான்னா என்ன அர்த்தம்? பிள்ளைங்க வளர்ந்துட்டாங்க, எடம் பத்தலைன்னு பாத்திருக்கா. கேட்டா நாங்க ஒத்துக்க மாட்டோம்னு வாயைத் தெறக்காம செஞ்சிருக்கா."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாங்க அதைப் பத்திப் பேசி அவளைச் சங்கடப்படுத்தக் கூடாதுன்னு பிள்ளைங்ககிட்ட கூடச் சொல்லி வெச்சேன். மறுநாளே போன் பண்ணி, சோபாவை விரிச்சாக் கட்டில் ஆகற மாதிரி மாத்தச் சொன்னேனே உங்ககிட்ட, வேற யாருக்குன்னு நெனச்சீங்க?"

விருந்தாளிக்கு என்று நினைத்து அந்த சோபாவை மாற்றிக் கொடுத்தவள் நான்.

அக்கா சுவரோரம் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. முதல் தடவையாக, நான் கேட்காமலே, யாரும் தள்ளாமலே, வாயைத் திறந்தாள்.

"நான் விட்டுக் குடுக்கலண்ணா."

"சரிம்மா, சரி."

"இல்லண்ணா. நான் மறந்துட்டேன். அன்னைக்கு எல்லாக் கதவையும் தெறந்தேன், பால்கனி, பாத்ரூம் எல்லாம். இதைத் தெறக்கணும்னே எனக்குத் தோணல. ஆபீஸ்ல படம் பாக்கறப்பதான் எனக்கே தெரிஞ்சுது. வேணும்னு செய்யல. மறந்துட்டேன்."

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. அவள் யாரையும் சோதிக்கக் கதவைச் சாத்தவில்லை. வீட்டை எண்ணும்போது முதலில் தன்னை விட்டுவிட்டவள் அவளேதான். அன்றைக்கு டீ இடத்தில் அவள் பதில் சொல்லாமல் கோப்பையைக் கழுவியது இதனால்தான்.

அண்ணன் சிரித்தார், வாஞ்சையாகத்தான். "தன் ரூமை யாராவது மறப்பாங்களா? பாத்தீங்களா மேடம், நாங்க சங்கடப்படக் கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கறா. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் இவ."

"அவங்க உண்மையைத்தான் சொல்றாங்க சார்!" என்று நான் கத்தியே விட்டேன். "அந்த ரூம் அவங்களுக்கு வேணும். அலமாரியை ரெண்டா வெட்டி நடுவுல வழி விடலாம். ரெண்டு நாள் வேலை. நான் மேனேஜர்கிட்டப் பேசறேன்." தச்சரைப் பார்த்து, "நீங்க மாட்டாதீங்க" என்றேன்.

பெண்ணும் பையனும் அத்தையைப் பார்த்தார்கள். பையன் கையில் தன் புது மேசையின் படத்தை வைத்திருந்தான். அண்ணியின் முகம் மெல்ல மாறியது. இத்தனை நாள் ஊட்டி ஊட்டி வைத்த பிரியம் அப்படியே நின்று, இவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தது. அக்கா அதையும் பார்த்தாள்.

என் பக்கம் நெருங்கி வந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். "விடுடி. இனிமே கேட்டா, குடுத்ததைத் திருப்பிக் கேக்கற மாதிரி ஆயிடும்."

"நீங்க குடுக்கவே இல்லையேக்கா!"

"அது உனக்கும் எனக்கும்தான் தெரியும்."

அப்புறம் தச்சர் பக்கம் திரும்பி, "பத்து நிமிஷம் குடுங்க" என்று சொல்லி உள்ளே போனாள். நானும் போனேன். இரண்டு பேர் நிற்க அங்கே இடமில்லை, நான் கட்டில் மேல் ஏறி முட்டிபோட்டுத் துணிகளை எடுத்துக் கொடுத்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு பெட்டி, இரண்டு பைகள், ஒரு தலையணை. அவள் அழவில்லை, நான்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். கட்டில் பலகையைக் கழற்றிப் பையனின் மேசைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் வெளியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

தச்சர் அலமாரியின் முதுகுப் பலகையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு மட்டும் என்னமோ உறுத்தியிருக்க வேண்டும். அண்ணனை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்துக் கேட்டார். "உள்ள எதுவும் விட்டுப் போகலயேம்மா? அப்புறம் இந்தப் பக்கமா வழி இருக்காது."

"ஒண்ணும் இல்லைங்க" என்றாள் அக்கா.

சாயங்காலம் நாலு மணிக்குள் ஆறு கதவும் மாட்டியாகிவிட்டது. சுவர் முழுக்கப் பளபளவென்று, படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. ஒரு மில்லிமீட்டர் பிசகில்லை. அண்ணி கடைசிக் கதவைத் திறந்து, கீழே இருந்த இரண்டு தட்டுகளைத் துணியால் துடைத்தாள். "இது ரெண்டும் உனக்குத்தான். வேற யாரும் தொடக் கூடாதுன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்கா தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். புதுக் கைப்பையை ஓரத்தில் நிறுத்தி வைத்தாள். எல்லாம் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்து, "தேங்க்ஸ் அண்ணி" என்றாள். அண்ணி குனிந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.